வலிக்காத கை

அவருடைய வேலை, எங்கே வலிக்கிறது என்று சொல்வது. வைத்தியர் எல்லாம் இல்லை. வீடியோ கேம் கன்ட்ரோலர் செய்கிற கம்பெனியில் பிடித்துப் பார்க்கிறவர். புது மாதிரி வந்தால் இரண்டு மணி நேரம் விடாமல் ஆடிவிட்டு, எந்த விரல் எப்போது முனகியது என்று எழுதித் தர வேண்டும். விளையாடிச் சம்பளம் வாங்குகிறவனுக்குப் பெண் கொடுக்கவே மாமனார் மூன்று மாசம் யோசித்தாராம். கம்பெனியில் பட்டப்பேர் 'பெருவிரல்'.

அன்றைக்கு மூன்று மாதிரிகள். கறுப்பில் கட்டைவிரலால் ஆட்டுகிற ஸ்டிக் இரண்டும் ஒரே மட்டம். கட்டைவிரல்கள் நடுவில் சம்பந்திகள் மாதிரி முட்டிக்கொண்டன. ஒரே மணி நேரத்தில் மூட்டு வலி. வெள்ளையில் இடது ஸ்டிக் மேலே ஏறியிருந்ததால் கொஞ்சம் நிம்மதி. ஆனால் பின்பக்கப் பட்டனை எட்டி எட்டி ஆள்காட்டி விரல் இழுத்துக்கொண்டது.

கடைசியாகச் சாம்பல் நிறம். சின்னது, ஓரமெல்லாம் கூர். பார்த்ததுமே அவருக்குப் பிடிக்கவில்லை. ஆடிப் பார்த்தால் வலிக்கவில்லை. சுத்தமாக வலிக்கவில்லை.

"வலி: இல்லை. பத்துக்குப் பத்து" என்று எழுதினார்.

டிசைனர் பெண்ணுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அண்ணே, நாளைக்குக் காலையிலயே அச்சு வெட்டச் சொல்லிடட்டுமா? வெட்டிட்டா மாத்த முடியாது."

"வெட்டும்மா."

சாயங்காலம் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மச்சினன் பின்னால் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது.

"மச்சான், விளையாடாதீங்க. நெஜமாவே தெரியலையா?"

"எதுடா?"

"கட்டைவிரலைப் பாருங்க."

வலது கட்டைவிரலில் துணி கிளிப் ஒன்று கவ்விக்கொண்டிருந்தது. நுனி நீலம் பாய்ந்திருந்தது.

"எப்போ மாட்டினே?"

"விளம்பரம் வந்தப்போ. பத்து நிமிஷம் இருக்கும். கத்துவீங்கன்னு பார்த்தேன்."

கிளிப்பைப் பிடுங்கிவிட்டு உள்ளங்கையைத் திருப்பினார். சாம்பல் நிறத்தின் ஓரம் பதிந்த இடத்தில் சிவப்பாக ஒரு கோடு. தோல் கிழிந்து, ரத்தம் காய்ந்தே போயிருந்தது. இதற்கா பத்துக்குப் பத்து? இதை எத்தனை பிள்ளைகள் மணிக்கணக்காகப் பிடிக்கும்?

போனை எடுத்து டிசைனருக்கு அடித்தார். எடுக்கவில்லை. போனை இடது கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உண்மையைச் சொன்னா உங்க வேலை?" என்றான் மச்சினன்.

"வலிக்கிறது தெரியாதவனுக்கு அங்க என்னடா வேலை?"

"கை ஒண்ணுதானே மச்சான். இன்னொண்ணு இருக்கே. டாக்டர்கிட்ட போலாம். அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்." கிளிப்பைச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டான். அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மச்சான்," என்றான் திடீரென்று, குரல் இறங்கி. "போனை எடுங்க."

"அடிக்கவே இல்லையேடா."

"சத்தம் வராது, சைலன்ட்ல இருக்கு. அப்போலேர்ந்து உங்க கையில அதிர்ந்துட்டே இருக்கு."

அவர் தன் இடது கையைப் பார்த்தார். திரையில் டிசைனர் பேர் மினுங்கிக்கொண்டிருந்தது. போன் அதிர்ந்த அதிர்வில் மணிக்கட்டு வாட்ச்கூட நடுங்கியது.

எடுத்துக் காதில் வைத்தார்.

"அந்தச் சின்னதை வெட்டாதேம்மா," என்றார். "நான் எழுதினது எதையுமே நம்பாதே."