உம்மக்காவின் ‘ம்’

மாடிப்படி ஏறுகிற வழியில் மூடியிருக்கும் ஒரு கதவருகே நின்று காதைத் தீட்டிக்கொள்கிறார் உம்மக்கா. உள்ளே யாரோ ஏதோ சொல்ல, ஒரு பெண் குரல் “ம்” என்கிறது.

“இது ஆறுதல் ம், தம்பி. மாமியார் மருமகளப் பத்திச் சொல்லிட்டிருக்கா,” என்று எனக்கு விளக்கிவிட்டு அடுத்த படி ஏறுகிறார். ஒட்டுக் கேட்பது தப்பில்லையா என்றால், “என் குரல நான் கேக்கறேன். இதுல என்ன தப்பு?” என்பார்.

உண்மைதான், அவர் குரல்தான். எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு துணைப்பெட்டி இருக்கிறது. நாம் பேசினால் அது கேட்கும். முதலில் வந்த பெட்டிகள் கேள்வி கேட்டன, புத்தி சொன்னன. அதற்குத்தான் வீட்டுக்கு வீடு ஆள் இருக்கிறதே என்று ஜனங்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உம் கொட்டினால் போதும் என்று பிறகுதான் கம்பெனிக்குப் புரிந்தது. சுவரோடாவது சொல்லி அழு என்பார்கள். இப்போது சுவர் ஆமோதிக்கவும் செய்கிறது.

அந்த ‘ம்’களைப் பேசிக் கொடுப்பதுதான் உம்மக்காவின் உத்தியோகம். கம்பெனியில் ஒலிப்பதிவுக் கண்ணாடி அறை, தலையில் ஹெட்போன், பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க். வெளியே உட்கார்ந்திருக்கும் இன்ஜினியர் பெண், “அக்கா, நம்பியும் நம்பாம ஒரு ம் குடுங்க,” என்பாளாம். கொடுப்பார். கோபத்தை விழுங்கிய ம், தூக்கம் சொக்கினாலும் விடாத ம், ‘அப்படிப் போடு’ என்கிற ம். நாளெல்லாம் வாயைத் திறக்காமல் சம்பாதிக்கிறவர் வெளியே வந்தால் ஓயமாட்டார். அடக்கி வைத்ததையெல்லாம் படிக்கட்டிலேயே என்னிடம் கொட்டுவார். நான் உம் கொட்டினால், “ஒனக்கு ம் சரியா வரல, தம்பி. மனசு எங்கயோ இருக்கு,” என்று குறை வேறு.

கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். கல்யாணமான நாள் முதல் டிப்போ சமாசாரம் ஒன்று விடாமல் மனைவியிடம் ஒப்பிக்கிறவர், பெட்டி வந்தபின் அதனிடம் ஒப்பிக்கிறார். “அத எங்கிட்டயே சொன்னா என்னங்க?” என்று அக்கா ஒருநாள் கேட்டேவிட்டார்.

“அதுவும் நீதான? ஒன் குரல்தான கேக்குது,” என்றாராம்.

இதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊருக்கெல்லாம் உம் கொட்டுகிற மனுஷிக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த ஆள் பழையபடி தன்னிடம் பேச வேண்டும்.

போன வாரம் ஒரு சாயங்காலம், இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். கணவர் பெட்டிக்குக் கீழே சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். என்னைப் பார்த்ததும் அக்கா உதட்டில் விரலை வைத்தார். சுவரோரம் பூனைபோல் நடந்து பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு பெட்டியை ஒட்டி நின்றுகொண்டார்.

“அந்த வண்டிய நான் தொடவே இல்ல,” என்றார் கணவர்.

“ம்,” என்றார் அக்கா.

“பிரேக் போனதுக்கு என்னைய எல்லார் முன்னாலயும் திட்டிட்டான் மேனேஜர்.”

“ம்.”

அக்காவின் முகத்தை அன்றைக்குத்தான் அப்படிப் பார்த்தேன். புதுப்பெண் களை.

“ரொம்ப அவமானமாப் போச்சு.”

அக்காவால் தாங்க முடியவில்லை. “ஐயோ, நீங்க என்னங்க சொன்னீங்க?”

கணவர் பேச்சை நிறுத்தினார். கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்திப் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு அடுப்படிப் பக்கமாகக் குரல் கொடுத்தார்.

“ஏய், இங்க கொஞ்சம் வாயேன். இதுக்கு என்னமோ ஆயிடுச்சு. கேள்வி கேக்குது.”

ஒரு கை தூரத்தில் நின்றிருந்த உம்மக்கா, முகத்தை அடுப்படிப் பக்கம் திருப்பிக்கொண்டு, அங்கிருந்து வருவதுபோல் குரலைத் தாழ்த்தி, “இதோ பாக்கறேங்க,” என்றார். பிறகு சத்தம் வராமல் குனிந்து பிளக்கைச் சொருகினார்.