பச்சைப் பெட்டிக்குள் பிடிபடாத மாதா

எனக்கு எழுத்து நேராக வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு பேனை பிடித்தது பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுக்கத்தான். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. முன்னுக்குப் பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்தது, மகள் எங்கள் வீட்டைக் கம்பியூட்டரில் கீறின கதை.

மகளுக்கு வெள்ளவத்தையில் வீட்டுப் பிளான் கீறுகிற கந்தோரில் வேலை. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டினது. முன்னறை, ஒரு படுக்கையறை, குசினி, பின்னால் தண்ணீர்ப் பைப் நிற்கிற துண்டு இடம். படுக்கையறை மகளுக்கும் மருமகனுக்கும், முன்னறை எனக்கு. மகளுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியதும் இடம் போதாது என்ற பேச்சு வந்தது. மேலே ஓர் அறை எடுக்கலாம், ஆனால் ஏறிப்போகப் படி வேண்டுமே. மருமகன் ஹெந்தளையில் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தார். அந்த வீட்டுக்காரர் திங்கட்கிழமை முடிவு கேட்டிருந்தார். படிக்கு இடம் கிடைத்தால் இருப்பார்கள், கிடைக்காவிட்டால் போவார்கள். போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஞாயிறு பூசை முடிந்து, சாப்பிட்டு, மகள் மேசையில் கம்பியூட்டரைத் திறந்தாள். நான் பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்தேன். எட்டிப் பார்த்தால் எங்கள் வீடு! கூரையைக் கழற்றிவிட்டு மேலே நின்று பார்க்கிற மாதிரி. கட்டில், அலுமாரி, என் அடுப்புக்குக்கூட இரண்டு வட்டம். படியைக் குசினியில் வைத்துப் பார்த்தாள், அடுப்புக்கு இடமில்லை. வாசல் பக்கம் வைத்தாள், கதவு திறக்காது. ஒவ்வொரு தரமும் தளபாடங்களை அள்ளி ஒதுக்கிவிட்டுத் திரும்பவும் தொடங்கினாள்.

அந்த அள்ளுகிற விதம்தான் எனக்குப் புதினம். வெறும் இடத்தில் ஒரு மூலையை அமத்திவிட்டு இழுப்பாள், ஒரு பெட்டி விரியும். சிலவேளை நீலப் பெட்டி, சிலவேளை பச்சை. ஒரே கட்டிலை நீலம் விட்டுவிடுகிறது, பச்சை பிடிக்கிறது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இதுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் இழுத்தால் நீலமாம். முழுசாக உள்ளே அடங்கினது மட்டும் பிடிபடுமாம். வலப்பக்கத்திலிருந்து இழுத்தால் பச்சை. ஒரு ஓரம் பட்டாலும் போதுமாம், தொட்டதெல்லாம் பிடிபடும். எனக்கு நத்தார்ப் பண்டிகைப் பலகாரம் ஞாபகம் வந்தது. சொந்தத்துக்குள் மட்டும் கொடுக்கிற வீடுகள் உண்டு. நாங்கள் சுவர் தொட்ட இரண்டு வீட்டுக்கும் தட்டு அனுப்புகிறவர்கள், அவர்கள் எந்தச் சமயம் என்றாலும். எங்களுடையது பச்சைப் பெட்டி என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை, சிரிப்பாள்.

அப்போது அவள் அலுத்துப்போய், வீடு முழுவதற்கும் ஒரு பெரிய பச்சைப் பெட்டி இழுத்தாள். சுவர், கதவு, கட்டில், என் அடுப்பு, எல்லாம் புள்ளிக்கோடாக மாறின. முன்னறை நீளச் சுவரோடு ஒரு சின்னச் சதுரம் மட்டும் மாறவில்லை. மங்கலாக, அப்படியே நின்றது. மாதா சுரூபத்தை வைத்திருக்கிற மேசை அது.

"இது ஏன் பிடிபடல்ல? பெட்டிக்குள்ளதானே இருக்கு?"

மகள் அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனாள். பக்கத்தில் நுள்ளளவு ஒரு பூட்டு தெரிந்தது.

"அத லொக் பண்ணி வச்சிருக்கன். தெரியாம கைபட்டாலும் அசையாது."

"ஏன்?"

"அப்பா வச்சதும்மா. அசைச்சா நீங்க தாங்க மாட்டீங்க."

கீரையைத் தள்ளி வைத்துவிட்டு அந்தப் படத்தை வடிவாகப் பார்த்தேன். கதவில்லாத நீளச் சுவர் அந்த வீட்டில் அது ஒன்றுதான். அதைப் பூட்டி வைத்துக்கொண்டு பிள்ளை படிக்கு இடம் தேடியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் ஒருநாளும் சொன்னதில்லையே, அவள் எப்படி அறிவாள்? அவளுடைய அப்பா உயிரோடு இருந்த காலத்தில் மாதாவை அந்த இடத்தில் வைத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சிவப்பு பல்புக்கு இழுத்த வயர் அவ்வளவு தூரம்தான் எட்டியது.

அதைச் சொன்னேன்.

"கோயில் மாதா வருசத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு வீடா செபமாலைக்குப் போறா. நம்ம மாதா இந்தச் சுவர விட்டு அந்தச் சுவருக்குப் போக மாட்டாவா? பூட்டக் கழட்டு மகள்."

கழற்றினாள். திரும்பவும் பச்சைப் பெட்டி இழுத்தாள். இந்த முறை மாதாவும் புள்ளிக்கோடானார். படியை அந்தச் சுவரோடு வைத்தாள். கதவு திறந்தது, அடுப்பும் தன் பாட்டில் இருந்தது. மேசையைப் படிக்குக் கீழே தள்ளப் போனாள். அங்கே வேண்டாம், தலைக்கு மேலே ஆட்கள் நடக்கக் கூடாது என்றேன். குசினி வாசல் பக்கம் வைத்தாள்.

மருமகனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப ஹெந்தளைக்காரருக்கு நான் என்ன சொல்ற, மாமி?"

"நீங்களே கதைங்க. எனக்கு வெக்கம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வீட்டுக்காரருக்கு மருமகன் அன்றைக்கே கதைத்துவிட்டார். பிறகு மேசன் பாஸ் வந்து, கீறினபடியே படி கட்டினார். மாதாவுக்கு வயரை மட்டும் கொஞ்சம் நீட்ட வேண்டியிருந்தது. இப்போது பேரப்பிள்ளை அந்தப் படியில் சத்தமாக ஏறி இறங்குகிறது.

ஒன்றுதான் எனக்கு உறுதியில்லை. இடமிருந்து இழுத்தால் நீலம், வலமிருந்து இழுத்தால் பச்சை என்று எழுதியிருக்கிறேன். மாறி எழுதிவிட்டேனோ தெரியாது. மகளிடம் கேட்டால் இதை எழுதினது தெரிந்துவிடும். பிளான் கீறத் தெரிந்த பிள்ளைகள் யாராவது அந்த இடத்தை ஒருக்கால் பார்த்து, பிழையென்றால் திருத்திவிடுங்கள்.