‘வெளியேறு’ என்று ஒரு பொத்தான்

என் தம்பி பெண்சாதியை நான் வாய் நிறையப் புகழ்ந்ததை இதுவரை யாரும் கேட்டதில்லை. மச்சாள்மார் அப்படித்தான் என்று ஊர் சொல்லும், சொல்லட்டும். ஆனால் தர்சனா செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேறு ஆள் இல்லை. அவளைக் கேட்டால், "அது பெரிய விசயமில்லை" என்றுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். தம்பி ஜெயரூபன் சொல்லத் தொடங்கினால் பாதியில் கதை கிரிக்கெட்டுக்குப் போய்விடும். ஆகவே மீனலோசனியாகிய நானே சொல்லவேண்டியதாய்ப் போயிற்று.

தர்சனா காரைநகர்ப் பெண். கல்யாணம் செய்து வேலணைக்கு வந்தபோது அவளிடம் இருந்தது பாதியில் நின்ற கணக்கியல் படிப்பும், எந்தப் பொருளையும் ஒருதரம் கழற்றிப் பார்க்காமல் விடாத குணமும்தான். என் தையல் மெஷினையும் அவள் விட்டுவைக்கவில்லை. வீட்டுக் குசினியில், பனங்கிழங்கைக் காயவைத்துச் செய்த ஒடியல் மாவும் புழுக்கொடியலும் பைகளில் அடைத்து, தம்பி நடத்துநராக ஓடும் யாழ்ப்பாண பஸ்ஸிலேயே கடைகளுக்குக் கொடுத்துவிடத் தொடங்கினாள். பிறகு கூழ் மா, பனங்கட்டி, கருவாடு என்று பெருகியது. இன்று வேலணையில் ஒரு கொட்டகை, ஊர்காவற்றுறையில் ஒன்று, நெடுந்தீவில் ஓர் அறை. நாற்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிறார்கள். வேலணைக் கொட்டகைக்கு நான்தான் மேற்பார்வை. என் சத்தத்துக்குப் பயந்து அங்கே ஈ இலையானும் வராது என்று சொல்லிச் சிரிப்பார்கள். சாப்பாட்டுச் சாமான் அடைக்கிற இடத்துக்கு அது நல்லதுதானே.

தொழில் பெருத்ததும் கணக்குக்கும் இருப்புக்கும் ஒரு வெளிநாட்டு மென்பொருளை மாதச் சந்தாவுக்கு எடுத்தாள். யார் பை அடைத்தாலும் தன் பெயரில் கணினிக்குள் நுழைந்து பதிய வேண்டும். வேலை முடிந்ததும் ‘வெளியேறு’ என்ற பொத்தானை அழுத்திவிட்டு எழும்ப வேண்டும். புதிதாக ஒருத்தியை வேலைக்கு எடுத்தால் அவள் பெயருக்கும் சந்தா கட்ட வேண்டும். நாங்கள் வளர வளர வாடகையும் வளர்ந்தது. அதையும் பொறுத்துக்கொண்டோம்.

பிறகுதான் கொழும்பில் இருந்து இடி விழுந்தது. எங்கள் சாமான்களைக் கனடாக் கடைகளுக்கு ஏற்றும் வியாபாரி, நெடுந்தீவில் அடைத்த கூழ் மா பைகள் சில ஈரம் பிடித்து வந்திருப்பதாகச் சொன்னார். பை இலக்கத்தைத் தட்டிப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே பெயர்: மார்கிரட். நெடுந்தீவு அறைக்குப் பொறுப்பான மனிசி அவர். தேவாலயத் திருநாளுக்காக அவர் வேலைக்கே வராத நாட்களிலும் அவர்தான் அடைத்திருக்கிறார் என்றது பதிவு. "ஒன்றில் பை பிழை, இல்லாவிட்டால் பதிவு பொய். எங்கட ஆள் வந்து பார்ப்பார். பதிவு சரியில்லை என்றால் நெடுந்தீவுச் சாமான் இனி வேண்டாம்" என்றார் வியாபாரி. அந்த அறையை நம்பி ஆறு குடும்பங்கள் இருந்தன. மார்கிரட்டுக்கோ தன் பெயர் கெட்டுப்போன கவலை வேறு.

நானும் தர்சனாவும் குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போனோம். நான் ஏசுவதற்கு ஆயத்தமாகத்தான் போனேன்.

"மார்கிரட் அக்கா, வேலை முடிய ஏன் அந்த வெளியேறு எண்டதை அமத்தேல்லை?" என்று தர்சனா கேட்டாள்.

மார்கிரட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தங்கச்சி, நான் பேரப்பிள்ளை காணப்போற மனிசி. என்னை வெளியேறு எண்டு சொல்ல அது ஆர்? ஒருக்கா சண்டைக்குள்ள ஊரை விட்டு வெளியேறி, சட்டி பானையையும் விட்டிட்டு ஓடினது காணும். பொழுதுபடுற நேரத்தில அந்தச் சொல்லைத் தொட எனக்கு ஏலாது. நீங்கள் வேணுமெண்டா அமத்துங்கோ."

பக்கத்தில் நின்ற யூலியட், அறையிலேயே வயது குறைந்தவள், மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள். "நாங்கள் ஒருத்தரும் அதை அமத்திறேல்லை அக்கா. வீட்டை போகேக்கை போறன் எண்டே சொல்லமாட்டம். போய் வாறன், போட்டு வாறன் எண்டுதானே சொல்லுறது."

ஆக, மார்கிரட் ஒரு காலையில் நுழைந்தவர் நுழைந்தபடியே இருக்க, மற்ற ஐந்து பேரும் அவர் பெயருக்குள்ளேயே மாதக்கணக்காக வேலை செய்திருக்கிறார்கள். ஏசத் திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன். வேலணையில் இந்தத் தொல்லை வராததற்குக் காரணம், பின்னேரம் மெயின் சுவிட்சையே நான் நிறுத்திவிடுவதுதான்; காலையில் எல்லோரும் புதிதாகத்தான் நுழைய வேண்டும்.

அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றித் தரச்சொல்லி மென்பொருள் நிறுவனத்துக்குத் தர்சனா எழுதினாள். நல்ல மரியாதையான பதில் வந்தது. ஒரு வாடிக்கையாளருக்காகச் சொற்களை மாற்ற முடியாதாம். ஆனால் யோசனையைக் குறித்துக்கொண்டார்களாம்.

"மாசாமாசம் வாடகை குடுக்கிறம், சுவரில ஒரு ஆணி அடிக்க விடுகினமில்லையே மச்சாள்" என்றாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஊர்காவற்றுறையில் கணினி திருத்தும் யசிந்தன் நெடுந்தீவுக்காரன். அவன்தான் திறந்த மூல மென்பொருளைப் பற்றிச் சொன்னான். "அதை எழுதினவையள் உள்ளுக்குள்ள இருக்கிற எல்லாத்தையும் பொதுவில விட்டிருக்கினம் அக்கா. ஆரும் திறந்து பாக்கலாம், மாத்தலாம். எத்தினை பேரைச் சேத்தாலும் வாடகை இல்லை. ஆனா ஓடு உடைஞ்சா நாங்கள்தான் கூரையில ஏறோணும்."

திறந்து பார்க்கலாம் என்ற சொல் காதில் விழுந்ததுமே தர்சனாவின் கண் போன போக்கைக் கண்டேன். என் தையல் மெஷினைப் பார்த்த அதே பார்வை.

நான் விடவில்லை. "உலகம் முழுக்கக் காசு குடுத்து வாங்கிறதை விட்டிட்டு, சும்மா வாற ஒண்டை நம்பி இருக்கிறதையும் கெடுக்கப்போறீர்" என்று கத்தினேன்.

"சும்மா வரேல்லை மச்சாள். எங்கட உழைப்பைப் போட்டுத்தான் எடுக்கோணும்."

உண்மையாகவே உழைத்தாள். யசிந்தனுக்குக் கூலி கொடுத்து, பழைய பதிவுகளை மெல்ல மெல்லப் புதியதற்குக் கொண்டுவந்தாள். பழையதை உடனே நிறுத்தாமல், இரண்டையும் கொஞ்சக்காலம் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு ஒத்துப் பார்த்தாள். நெடுந்தீவில் சிக்னல் போவதும் வருவதுமாக இருக்கும். ஆகவே அந்த அறையிலேயே ஒரு சின்னக் கணினியை வைத்து, சிக்னல் வரும்போது அது வேலணையோடு பேசிக்கொள்ளும்படி செய்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி ஊர்காவற்றுறையில் யசிந்தனின் அலுமாரிக்குள் இருந்தது.

திரையில் இருந்த சொற்களையெல்லாம் தமிழாக்கியது அவளேதான். அதிலும் ஒரு கூத்து நடந்தது. நீக்கும் பொத்தானுக்கு ‘எடு’ என்று பெயர் வைத்துவிட்டாள். யூலியட் அடுக்குத் தட்டில் இருந்து பைகளை எடுக்கும்போதெல்லாம் அதை அமத்த, அரை நாள் பதிவு காணாமற் போய்விட்டது. அலுமாரிக்குள் இருந்த பிரதிதான் காப்பாற்றியது. பழைய நிறுவனம் என்றால் அதற்கும் ஒரு மரியாதையான பதில் வந்திருக்கும். தர்சனா அன்று பின்னேரமே அதை ‘அழி’ என்று மாற்றினாள். வெளியேறும் பொத்தானுக்கு என்ன பெயர் என்பதை மட்டும் அவள் தீர்மானிக்கவில்லை. அதை நெடுந்தீவுப் பெண்களிடமே விட்டாள்.

அதற்குப் பிறகு பதிவில் ஆறு பேரும் ஆறு பேராகத் தெரிந்தார்கள். உடனே ஈரத்தின் காரணமும் பிடிபட்டது. வாய் சரியாக ஒட்டாத பைகள் எல்லாம் யூலியட் அடைத்தவை. அவள் கையில் பிழையில்லை. அவளுக்குக் கொடுத்திருந்த பழைய ஒட்டும் மெஷின் சூடாகவில்லை. ஒரே பெயருக்குள் எல்லோரும் ஒளிந்திருந்தவரை இதை யாரால் கண்டுபிடிக்க முடியும்? தர்சனா அந்த மெஷினையும் கழற்றினாள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கொழும்பு ஆள் வந்தார். சயந்தன் என்று பெயர். கடல் கொஞ்சம் அலை எறிந்ததில் முகம் வெளிறி வந்து இறங்கினார். தர்சனா ஒரு கதிரையைப் போட்டுக் கணினிக்கு முன்னால் அவரை இருத்தி, அவருக்கென்றே ஒரு பெயரைத் திறந்து கொடுத்தாள். முந்தியென்றால் அந்தப் பெயருக்கும் வாடகை. அவர் தட்டில் இருந்து ஒரு பையை எடுத்து இலக்கத்தைத் தட்டினார்.

"யூலியட் யாரு?"

யூலியட் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "நான்தான். முந்திப் பழுதாப்போன பையளும் என்ரைதான். இப்ப மெஷின் திருத்தியாச்சு. இதைத் தண்ணிக்குள்ள போட்டுப் பாருங்கோ."

அவர் உண்மையிலேயே வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. இன்னொரு பை, இன்னொரு பெயர். அந்தப் பெயருக்குரியவரும் எழும்பினார். மார்கிரட்டின் முறை வந்தபோது, கேட்க முன்னரே எழும்பி நின்றார்.

படகுக்கு நேரமானதும் சயந்தன் கணினியை விட்டு எழும்பப் பார்த்து, திரையில் எதையோ தேடினார். ஓரத்தில் இருந்த பொத்தானை வாசித்துவிட்டு அமத்தினார். ‘போட்டு வாறன்’ என்பது அது. உடனே திரையில் எழுத்து வந்தது: ‘போட்டு வாங்கோ, சயந்தன் தம்பி.’

அவர் சிரித்துவிட்டார். "இதை அமத்தினா திரும்பி வரணுமா?"

"பின்ன? அப்பிடிச் சொல்லிப்போட்டு ஆர் வராமல் விடுறது?" என்றார் மார்கிரட்.

"அப்ப அடுத்த மாசம் வாறன். கூழ் மா கூடுதலாப் போட்டு வையுங்க."

மார்கிரட் கணினிக்கு முன்னால் போய் இருந்து, தன் பெயரில் நுழைந்து, அடுத்த பையை எடுத்தார்.

திரும்பி வரும்போது படகின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் நான் சொல்லிவிட்டேன். "எங்கட வீட்டுக்கு நீர் வந்தது எனக்குப் பெருமை, தர்சனா."

அவளுக்குக் கேட்டுவிட்டது. என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்து, "என்ன மச்சாள், காய்ச்சலோ?" என்றாள்.

வாயை மூடிக்கொண்டு கடலைப் பார்க்கச் சொன்னேன். நெற்றியில் இருந்த கையை மட்டும் எடுக்கச் சொல்லவில்லை.