ஒரு மீட்டர் லிங்க் கேபிள்

டில்லி துவாரகாவில் எங்கள் வீட்டு அலமாரியை ஒழித்தபோது மகள் ஒரு ஒயரைத் தூக்கிக் காட்டி, இது எந்தப் போனின் சார்ஜர் என்று கேட்டாள். இரண்டு முனையும் ஒன்றுபோல இருந்ததில் அவளுக்குக் குழப்பம். வாங்கி முகர்ந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள், எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. பழைய ரப்பர் வாசனை இன்னும் போகவில்லை.

அது லிங்க் கேபிள். கையில் வைத்து ஆடும் இரண்டு வீடியோ கேம் பெட்டிகளை இணைப்பது. என் பள்ளி நாளில் நாங்கள் இருந்த லோதி ரோடு குவார்ட்டர்ஸில் அப்படிப்பட்ட பெட்டி இரண்டே பேரிடம் இருந்தது. ஒன்று என்னுடையது, மற்றது மாடி வீட்டுப் பாஸ்கருடையது. கேபிளும் அவனுடையதுதான். ஆட்டத்தில் நாங்கள் வளர்த்த மிருகங்களில் சில, கேபிள் வழியாக அடுத்தவன் பெட்டிக்குப் போனால்தான் பெரிதாகும். போனதை அவன் ஒழுங்காகத் திருப்பித் தரவேண்டும். இவ்வளவு மெல்லிய ஒயருக்குள் மிருகம் எப்படித்தான் போகிறது என்று ஒருமுறை பிளேடால் கீறிப் பார்க்கப் போய் பாஸ்கரிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

அவன் டியூஷனுக்கு மட்டம் போட்டதை அவன் அம்மாவிடம் உளறியது நான்தான். அப்போதே எனக்கு ஓட்டை வாய். "பக்கா காய்லே. ஜிந்தகி பர்" என்று, ஆயுசு முழுக்க என்பதை இந்தியில் சொல்லிவிட்டு மாடியேறிப் போனான். காய் விட்டால் பேசக்கூடாது, யாராவது பழம் விட்டால்தான் மறுபடி பேச்சு. மூன்று வாரம் ஓடியது. அதற்குள் அவன் அப்பாவுக்கு கௌஹாத்திக்கு டிரான்ஸ்பர் வந்துவிட்டது. பேசாமலே போய்விடுவானோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

லாரி வந்த காலையில் அவன் தங்கை இறங்கி வந்தாள். மிருகங்களை மாற்றி, பெரிதானதும் திருப்பிக்கொள்ளலாமா என்று அண்ணன் கேட்கச் சொன்னானாம். தூது அனுப்புவது காய் சட்டத்தில் செல்லும். மிருகத்துக்குப் பெயர் மாற்றும் வசதி ஆட்டத்தில் இருந்தது, ஆங்கில எழுத்தில் மட்டும். எழுத்துகளைக் கூட்டி என்னுடையதற்குப் 'பழம்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஓடினேன்.

மாடிப்படியில் உட்கார்ந்தோம். கேபிள் ஒரு மீட்டர்தான், முழங்கால்கள் இடித்துக்கொண்டன. யாரையும் தொடவே விடாத தன் மிருகத்தை அவன் வைத்தான். பட்டனை அழுத்தினோம். என்னுடையது அங்கே போனது, அவனுடையது இங்கே வந்தது. இரண்டும் பெரிதாயின. அவன் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, திருப்பிக்கொள்ள வேண்டிய நேரத்தில், தன் பக்கத்து முனையைப் பிடுங்கி கேபிளை என் மடியில் போட்டான்.

"நீயே வச்சிக்கலே. அங்க நான் யார்கூட ஆடுறது?"

கேபிளையா மிருகத்தையா என்று கேட்பதற்குள் அவன் படியிறங்கி லாரிக்குப் போய்விட்டான். அவன் என்னோடு பேசிவிட்டான் என்பதே லாரி தெருமுனை திரும்பிய பிறகுதான் உறைத்தது.

ஆட்டத்தைச் சேமித்து வைத்திருந்தது பெட்டியில் செருகும் கேசட்டுக்குள் இருந்த ஒரு பொத்தான் பேட்டரி. அது தீர்ந்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று அப்போது தெரியாது. கல்லூரி நாளில் ஒருமுறை பெட்டியை ஆன் செய்தேன். புது ஆட்டம் தொடங்கலாம் என்று மட்டும் திரையில் வந்தது. பாஸ்கரின் மிருகம் இல்லை. அவன் கேசட்டும் என்னுடையதன் வயதுதான். என் பழமும் அங்கே அழிந்திருக்கும். அதற்கு முன் அவன் அதை எத்தனை முறை திறந்து பார்த்தான் என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும்.