வானத்தில் வந்த மீ

தம்பி கப்பலுக்குப் போன இரண்டாவது வருடம் எழுதிய கடிதத்தில் ஒரு விஷயம் எங்கள் வீட்டு நிம்மதியைக் கெடுத்துவிட்டது. வடக்கே எங்கோ ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றபோது எழுதியிருந்தான். "நேத்து வானத்துல பச்சையா மீ வந்துச்சும்மா. கொஞ்ச நேரம் ஆடுச்சு. அப்புறம் மீ போயிருச்சு."

ரங்கூனில் கரண்டை நாங்கள் மீ என்றுதான் சொல்வோம். பர்மிய வார்த்தை. நெருப்புக்கும் அதுதான், விளக்குக்கும் அதுதான். தாகேதா பேட்டையில் எங்கள் தெருவில் தினமும் நாலு தடவை மீ போகும், திரும்பி வந்தால் தெருவே கூச்சல் போடும். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுத் தோசைக்கல்லைத் துடைத்தபடியே சொன்னாள்.

"வானத்துக்கு யாரு மீ குடுக்குறது? குடிச்சிட்டு எழுதிருக்கான்."

அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தவர். அதனால்தான் கப்பலேறும் முன் தம்பியிடம், தன் தலையில் கை வைத்துக் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்லியிருந்தாள் அம்மா. இப்போது பதிலே எழுதக் கூடாது என்றாள். அடுத்த தெரு மாலுமி ஒருவர் அதே கப்பலில் சேர ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறார். அவர் கையில் கடிதம் கொடுக்காவிட்டால் இன்னும் எத்தனை மாதமோ. தம்பி குடித்திருக்க மாட்டான் என்று எனக்கு நிச்சயம். அம்மாவிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவளுக்குக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அந்த வாரம் நான் வேலை பார்த்த தையல் கடைக்கு வந்த ஒரு பெண் டவுனில் நடக்கும் கண்காட்சியைப் பற்றிச் சொன்னாள். பனிமலை, உறைந்த ஆறு, வடக்கு வானத்தின் வெளிச்சம், எல்லாவற்றையும் தொட்டும் திருகியும் பார்க்கலாமாம். அன்றே அரைநாள் லீவு கேட்டேன். முதலாளி முகம் சுளித்தார். சுளித்தால் சுளிக்கட்டும் என்று அம்மாவை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

போனால் அங்கே மீ இல்லை. கூடம் இருட்டு. தொட்டுப் பார்க்க வைத்திருந்த பனிச்சுவர் உருகி ஒழுக, இரண்டு பேர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. "இதுக்குத்தான் மாவைப் போட்டுட்டு வரச் சொன்னியா?" என்றாள்.

சனிக்கிழமை மறுபடி இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை, வெளிச்சம் காட்டும் அறையின் வாசலில் நிற்கும்போது மறுபடி மீ போய்விட்டது. மற்றவர்கள் கிளம்பினார்கள். அங்கே வேலை பார்த்த பர்மியப் பெண் எங்களையும் கிளம்பச் சொன்னாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மீ வரும்வரை எழுந்திருக்க மாட்டேன், வேண்டுமானால் எங்களைச் சுற்றித் துடைத்துக்கொள் என்று பர்மியத்தில் சொன்னேன். அம்மா வெட்கப்பட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இரண்டு மணி நேரம் அப்படியே இருந்தோம்.

மீ வந்ததும் அந்தப் பெண்ணே சந்தோஷத்தில் சத்தம் போட்டுவிட்டாள். எங்களை உள்ளே கூட்டிப்போய் ஒரு சக்கரத்தைக் காட்டி, "சுத்துங்க ஆன்டி," என்றாள். அம்மாவின் கை தினமும் மாவாட்டும் கை. ஒரே சுற்றில் கூரை முழுவதும் பச்சை பரவியது, காற்றில் காயும் கைலிபோல மெதுவாக ஆடியது. சக்கரம் நின்றதும் மங்கி மறைந்தது. அம்மா மறுபடி சுற்றினாள். பிறகு மறுபடியும்.

"வடக்கே வானத்தில் இது சூரியனிலிருந்து வருகிறது. மனுஷன் போடுவதில்லை," என்றாள் அந்தப் பெண். நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

வெளியே வரும் வழியில் பனிச்சுவர். கை வைத்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தது. நான் வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். அம்மா உள்ளங்கையை அழுத்தி வைத்தவள் எடுக்கவில்லை. சூடான கல்லைத் தொட்டுப் பழகிய விரல்கள் வெளுத்துக்கொண்டே வந்தன.

"அங்க எப்பவும் இப்படியா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"இதைவிட அதிகம் ஆன்டி. காற்றும் அடிக்கும்."

நான்தான் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் பேப்பரை எடு என்றாள்.

"வானத்துல மீ வந்தது நெசந்தான், அம்மாவும் பாத்தேன்னு எழுது."

எழுதினேன். அடுத்ததற்குக் காத்திருந்தேன். அம்மா கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தக் குளுருக்குக் கொஞ்சம் குடிச்சாக்கூட அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு எழுது."

அப்பாவோடு அவள் பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்தவள் நான். தலைகுனிந்து பேனாவை ஓட்டினேன். முடித்ததும் முழுதாக வாசித்துக் காட்டச் சொன்னாள்.

நான் எழுதாத அந்த ஒரு வரியையும் சேர்த்து வாசித்தேன்.