கனகேஸ்வரி வீட்டு மிளகாய் வடை

கனகேஸ்வரிக்கு நேராகப் பேசத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நேராகப் பேசிப் பலன் இல்லாதவர்களிடம் மட்டும் வேறு வழியில் போவார். பினாங்கில், பாயான் பாரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தபோது, பெண்கள் கழிப்பறையில் விளக்கு எரியவில்லை என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். யாரும் அசையவில்லை. ஒரு நாள் மேலாளர் அறை பல்பைக் கழற்றி அங்கே மாட்டிவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல வேலையைப் பார்த்தார்.

தொண்ணூறாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டு, ஊர் ஊராக ஜனங்கள் பள்ளிக்கூடங்களில் ஒதுங்கியிருந்தார்கள். கனகேஸ்வரியின் அக்கா யோகலட்சுமியும் அப்படி ஒரு பள்ளிக்கூடத்தில்தான் இருந்தார். அங்கிருந்த கிணற்றில் கழிவுநீர் இறங்கிவிட்டது. குழந்தைகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு. அக்காவின் பேத்தி ஒரு தடவை செத்துப் பிழைத்திருந்தாள். இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டாள்.

பினாங்கு யாழ்ப்பாணத்தார் சேர்ந்து அந்த ஊரில் ஒரு குழாய்க்கிணறு போட்டுக் கொடுப்பதென்று முடிவாயிற்று. குழுவில் நானும் இருந்தேன். எந்த இடத்தில் போடுவது என்பதில்தான் இழுபறி. பள்ளிக்கூடத்திலேயே போடலாம் என்று கனகேஸ்வரி சொல்லிப் பார்த்தார். தன் தம்பியின் வளவுக்குள் போட வேண்டும் என்றார் செயலாளர் அம்பிகைபாகன். மதில் இருக்கிறது, இரும்புக் கேட் இருக்கிறது, பூட்டு இருக்கிறது, பம்ப் பத்திரமாக இருக்கும் என்றார். அந்தக் கேட்டுக்குள் எந்தச் சாதி நுழையலாம், எது கூடாது என்பதும் எங்களுக்குத் தெரியும். சாதி மாறிக் கல்யாணம் செய்த யோகலட்சுமியை அந்த வாசல் பக்கமே விடமாட்டார்கள். தெரிந்தும் எங்களில் வேறு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பெரிய மனிதர்கள் அல்லவா!

முடிவெடுக்கும் கூட்டத்தைத் தன் ஜெலுத்தோங் வீட்டில் வைக்கச் சொன்னார் கனகேஸ்வரி. அம்பிகைபாகன் வழக்கம்போலத் தண்ணீர் பிளாஸ்க்கோடு வந்தார். அடுத்தவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். பலகாரத்துக்கு மட்டும் அந்த ஆசாரம் கிடையாது.

“குடுங்கண்ணே, நான் எடுத்து வைக்கிறேன்” என்று கனகேஸ்வரி பிளாஸ்க்கை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

வடை வந்தது. முதல் தட்டு அமிர்தம். இரண்டாம் தட்டில்தான் விஷயம் இருந்தது. உளுந்தைவிடச் சிலி பாடி என்கிற ஊசிமிளகாய் அதிகம். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. எல்லாரும் தண்ணீர் தண்ணீர் என்று கத்தினோம்.

“ஐயோ, பைப்புல தண்ணி வரலைலா!” கனகேஸ்வரி குழாயைத் திறந்து காட்டினார். காற்றுதான் வந்தது. மீட்டர் பக்கத்து வால்வை அவரே மூடியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் ரோஹானா, சொல்லி வைத்தாற்போல, பெரிய ஜக்கோடு வாசலில் நின்றார். நாங்கள் பாய்ந்தோம். அம்பிகைபாகன் மட்டும் மூக்கு ஒழுக அலமாரியைக் காட்டினார்.

“தங்கச்சி, என் பிளாஸ்க்!”

“சாவி மருமகன்கிட்ட இருக்குண்ணே. கெரேத்தா ஓட்டிக்கிட்டு பசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருக்காரு.”

“எனக்குத் தண்ணி வேணும்மா!”

“தண்ணி எங்கேயும் போயிடாதுலா. பத்திரமா பூட்டியிருக்கு. கண்ணாடி வழியா பாருங்க, நல்லாத் தெரியுது.”

பாவம், அவர் பார்த்தார். கனகேஸ்வரி முகத்தில் இப்போது விளையாட்டு இல்லை.

“என் அக்காவும் பேத்தியத் தூக்கிக்கிட்டு உங்க தம்பி வீட்டு கேட்டுக்கு வெளியே நின்னு, இப்படித்தான் பார்க்கணும்.”

எங்களுக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. ரோஹானா ஒரு கிளாஸை நீட்டினார். அம்பிகைபாகன் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். இன்னொன்றும் கேட்டார். கிணறு பள்ளிக்கூடத்துக்கே என்றபோது முதலில் கை தூக்கியவரும் அவர்தான். நாக்கு எரிந்ததில் எதிர்த்துப் பேச முடியவில்லை என்று நான் இன்றும் கேலி செய்வதுண்டு.

மறு வருஷம் அம்பிகைபாகனுக்குக் கொழும்பிலிருந்து போன் வந்தது. ஷெல் விழுந்து தம்பி வீடு தரைமட்டம். மதிலும் இல்லை, கேட்டும் இல்லை. தம்பி குடும்பம் அதே பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தது. அன்று மாலை அவர் கனகேஸ்வரி வீட்டுக்கு வந்து நின்றபோது நானும் அங்கிருந்தேன்.

“அங்க அவங்களுக்குத் தண்ணி...” என்று இழுத்தார்.

“அக்கா கடிதம் வந்துச்சுண்ணே, அவதான் பம்ப் அடிச்சுக் குடுக்கிறாளாம். உங்க தம்பி பொஞ்சாதிக்கு அடிக்கத் தெரியலையாம்.”

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். “அக்காவோட பேத்தி சுகமா?” என்று கேட்டார். அந்தக் குழந்தையைப் பற்றி அவர் விசாரித்தது அதுவே முதல் தடவை.

“சுகம்ணே. வயித்துல ஒரு கோளாறும் இல்லையாம். இப்ப சோறு பத்தாம ஓயாம பசிக்குதுன்னு அழுவுறாளாம்.”

சொல்லிவிட்டுக் கனகேஸ்வரி சிரித்தார். பிறகு எங்கள் இருவர் முன்னாலேயே அழுதார்.