ஆச்சரியப்படப் பழகிய வகுப்பு

அந்தத் தாரா வாத்தை எனக்கு முதலில் பிடித்துத்தான் இருந்தது. இதை இப்போதே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிறகு அதைப்பற்றி நான் சொல்லப்போவது எதுவும் நல்லதாக இருக்காது.

வடமராட்சிக் கரையோரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் சங்கீத ரீச்சர். கடற்தொழில் செய்கிறவர்களின் பிள்ளைகள்தான் அங்கே படிக்கிறார்கள். இது எனக்கு ஏழாவது வருடம். என் வீடு உடுவிலில். இடையில் மூன்று பஸ். காலை ஐந்தேகாலுக்கு வெளிக்கிட்டால்தான் மணி அடிக்குமுன் வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கலாம். ஒரு பஸ் தவறினால் நெல்லியடிச் சந்தியில் சுருதிப்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சுருதிப்பெட்டி என் சொந்தக் காசில் வாங்கியது. பள்ளியில் இருந்த ஆர்மோனியத்தில் பாதிக் கட்டைகள் பேசாது. சங்கீத அறை என்று ஒன்று கிடையாது. இரண்டாம் வகுப்பில் எனக்கு நாற்பது நிமிடம் தருவார்கள், அதிலும் கணக்கு ரீச்சர் பத்து நிமிடத்தைக் கடித்துவிடுவா. சரளிவரிசை சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் வாயைத் திறப்பார்கள், கண் யன்னலுக்கு வெளியே வள்ளத்தில் இருக்கும்.

வெளிநாட்டிலிருக்கும் ஊர்க்காரர் யாரோ ஒரு பெட்டி நிறையப் படப்புத்தகம் அனுப்பியிருந்தார்கள். நல்ல வழுவழுப்பான தாள், அழகான படங்கள். ஆனால் மொழி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சில எழுத்துகளின் தலையில் வளையம், சிலவற்றின் தலையில் இரட்டைப் புள்ளி. வாசிக்க முடியாத புத்தகத்தை என்ன செய்வதென்று அலுமாரிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஒருநாள் மழைக்கு வகுப்பு ஒழுகியது. பிள்ளைகளை ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருந்தபோது, சும்மா இருக்கட்டுமே என்று அதில் ஒன்றை எடுத்து விரித்தேன்.

சிவப்புத் தொப்பி போட்ட ஒரு தாரா சின்ன வண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு போகிறது. கதை அவ்வளவுதான். முதல் பக்கத்தில் நடை. "எப்படி நடக்குது?" என்று கேட்டேன். பிள்ளைகள் வாங்குப் பலகையில் தட்டினார்கள், தாளம் வந்தது. அடுத்த பக்கத்தில் தாரா மேட்டில் ஏறியது. நான் ஸ ரி க ம என்று ஏறினேன், அவர்களும் ஏறினார்கள். அதற்கடுத்த பக்கத்தில் வழுக்கி விழுந்தது. இறங்கும்போது சிரிப்பில் சுருதி சிதறினாலும் ஸ்வரம் ஒன்றும் தப்பவில்லை. இரண்டு மாதமாக நான் தொண்டை கிழியக் கத்தியும் ஏறாதது ஒரு தாராவின் முதுகில் ஏறி வந்துவிட்டது.

பிறகு ஒரு பக்கம் முழுவதும் வெள்ளை. நடுவில் சிவப்புத் தொப்பி மட்டும் ஒரு பொட்டாகத் தெரிந்தது.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"உப்பு, ரீச்சர்," என்றான் முன்வாங்குப் பொடியன்.

"அப்ப உப்புக்கு என்ன சத்தம்?"

ஒருவரும் பேசவில்லை. கூரையிலிருந்து வாளிக்குள் சொட்டுவது மட்டும் கேட்டது. அந்த அமைதிக்குள் வகுப்பிலேயே சின்னவளாக இருந்த ஒருத்தி வாயைத் திறக்காமல் கீழ் ஷட்ஜத்தைப் பிடித்தாள். மெல்லிய குரல், ஆனால் அசையாத குரல். பக்கத்தில் இருந்தவள் சேர்ந்தாள், பிறகு பின்வாங்குப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் சங்கீதம் படித்தவள், சுருதி என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் கேட்டேன் என்று சொன்னாலும் பிழையில்லை.

என் கெட்டகாலம், வேறொரு ரீச்சரின் பதிவேடு பார்க்க வந்திருந்த ஆசிரிய ஆலோசகர் யன்னலடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"ரீச்சர், உதை நான் ஃபோனிலை எடுத்திருக்கலாம். வாற கிழமை இன்னொருக்காச் செய்து காட்டுவீங்களோ?" என்று கேட்டார். பெருமையில் தலை கிறுகிறுத்துப்போய் நான் ஓமென்றேன். அந்த ஓம் எனக்கு நானே போட்டுக்கொண்ட பூட்டு.

சொன்னபடி அடுத்த வாரம் ஒரு முறை. அதற்கடுத்த மாதம் கல்வி வலயத்திலிருந்து இரண்டு பேர். பிறகு பயிற்சி ஆசிரியர்கள், பிறகு பக்கத்துப் பள்ளிகளின் ரீச்சர்மார். யார் வந்தாலும் தாரா நடக்க வேண்டும், ஏற வேண்டும், விழ வேண்டும். பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்கு வந்தும் தாரா விடவில்லை. பழகிய வகுப்பு என்பதால் அவர்களையே நிறுத்தினார்கள். ஒருமுறை நான் அதே பெட்டியிலிருந்து வேறொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். "உதை வைச்சிட்டுத் தாராவை எடுங்கோ ரீச்சர், தெரிஞ்சதைச் செய்வம்," என்றார் எங்கள் பள்ளி அதிபர்.

அதிபர் கெட்டவர் இல்லை. அதுதான் கரைச்சல். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். பிள்ளைகள் குறைந்துகொண்டு போகும் பள்ளிக்கூடம் அது. பெரிய பள்ளியோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்று ஒரு கதை எப்போதும் காற்றில் இருக்கும். யாராவது வந்து பார்த்து நல்லதாக நாலு வரி எழுதிவிட்டுப் போகும் ஒவ்வொரு முறையும் அவர் கொஞ்சம் மூச்சு விடுவார். அந்த நாலு வரிக்காக ஒத்திகையும் அவரே பார்த்தார்.

"தெரியாத மாதிரி இருங்கோ பிள்ளையள். இந்தப் புத்தகத்தை இண்டைக்குத்தான் காணுறியள். விளங்கிச்சோ?"

"ஓம் சேர்."

"இது என்ன?"

"ஸ்னோ, சேர்," என்றான் முன்வாங்குப் பொடியன். கனடாவிலிருக்கும் மாமா வீடியோவில் காட்டினாராம்.

"ஸ்னோ எண்டு சொல்லக்கூடாது. உப்பு எண்டு சொல்லோணும்."

"ஆனா, ஸ்னோதானே சேர்?"

"எனக்கும் தெரியுமடா ஸ்னோ எண்டு. நீ உப்பு எண்டு சொல்லு."

நான் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது அந்தச் சிரிப்பு அடங்கிப்போனது. தெரிந்த ஒன்றைத் தெரியாதென்று சொல்ல ஒரு எட்டு வயதுப் பிள்ளையைப் பழக்கியிருக்கிறோம். அன்று தானாக வந்த அமைதியும் இப்போது மனத்துக்குள் ஐந்து எண்ணி முடிக்கிற அமைதி. சின்னவள் என் கண்ணைப் பார்ப்பாள், நான் தலையசைப்பேன், அவள் ஷட்ஜத்தைப் பிடிப்பாள். வந்திருப்பவர்கள் உருகிப்போவார்கள். எனக்கு அந்தத் தாராவைப் பிடித்துக் கறிவைத்தால் என்னவென்று இருக்கும்.

வீட்டில் என் மகள் முதலாம் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அவள் எழும்ப முன் நான் பஸ்ஸில் இருப்பேன். அவளுக்குத் தலை பின்னிவிடுவது அவளுடைய அப்பா. ஒரு பின்னல் காதடியில் தொடங்கும், மற்றது பிடரியில். "மற்றப் பிள்ளையளின்ரை அம்மாமார் வாசலிலை நிக்கினம். நீங்கள் ஒரு நாளும் நிக்கேல்லை," என்று ஒருநாள் சொன்னாள். ஆறுதல்படுத்த ஒரு படப்புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தேன். முதல் பக்கத்தைத் திருப்பியதும், "அம்மா, உங்கடை பள்ளிக்கூடத்திலை மாதிரிக் கேள்வி கேக்காதேங்கோ. கதையை மட்டும் சொல்லுங்கோ," என்றாள். எனக்குக் கதை சொல்ல வரவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் சத்தம் தேடிக்கொண்டிருந்தேன்.

வீட்டிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய ஒரு பள்ளியில் சங்கீத ரீச்சர் ஓய்வு பெறவிருந்தார். நான் இடமாற்றப் படிவத்தை நிரப்பி அதிபரின் மேசையில் வைத்தேன். அவர் கையெழுத்து வைத்தால் போதும். "பதிலாள் வரட்டும் ரீச்சர், அடுத்த நிமிஷம் விடுறன்," என்றார். பதிலாள் என்பவர் எல்லோரும் பேசுகிற, ஒருவரும் காணாத ஆள். அந்தக் கரைக்கு விரும்பி யார் வருவார்கள்? படிவம் மேசை லாச்சிக்குள் போனது.

அந்த நேரத்தில்தான் மாகாணத்திலிருந்து ஒரு குழு வருமென்று கடிதம் வந்தது. அழகியல் பாடங்களுக்கு ஒரு மாதிரிப் பள்ளியைத் தெரிவு செய்யப்போகிறார்களாம். தெரிவானால் அந்தப் பள்ளியின் ரீச்சர் இன்னும் மூன்று வருடம் அங்கேயே நின்று மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

"உது சரிவந்தால் பள்ளிக்கூடம் தப்பும்," என்றார் அதிபர். பிறகு பகிடியாக, "சரிவராட்டில் உங்களைப் பிடிச்சு வைச்சு நான் என்ன செய்யிறது, அண்டைக்கே கையெழுத்து வைச்சுத் தாறன்," என்றார்.

அவர் சொன்ன இரண்டு வசனத்தில் இரண்டாவது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

குழு வருகிற நாள் காலை, நெல்லியடி தாண்டும்போது முடிவெடுத்தேன். பாடத்தைக் கெடுப்பது. பள்ளியைப் பூட்டினால் பிள்ளைகள் அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போவார்கள், செத்தா போவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட மகளின் கோணல் பின்னல் பெரிதாகத் தெரிந்தது.

மூன்று பேர் பின்வாங்கில் இருந்தார்கள். நான் சுருதியைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன். தாரா நடக்கும் பக்கத்தில் தாளத்தை அவசரப்படுத்தினேன். மேடு ஏறும் பக்கத்தில் மத்தியமத்தை வேண்டுமென்றே தப்பாகப் பிடித்தேன். பதினைந்து வருடமாகச் சரியாகப் பாடிய தொண்டைக்கு அது இலேசான வேலையில்லை. இரண்டு பக்கத்தை ஒன்றாகப் புரட்டினேன், தாரா விழவே இல்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்வாங்கில் ஒரு பேனை எழுதாமல் நின்றது. கதவடியில் நின்ற அதிபரின் முகத்தில் இரத்தம் இல்லை. இன்னும் ஐந்து நிமிடம்தான், முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

சின்னவள் எழும்பி வந்தாள். "புத்தகத்தை நான் பிடிக்கிறன் ரீச்சர்," என்று மெல்லச் சொல்லி என் கையிலிருந்து வாங்கினாள். நான் தவறவிட்ட பக்கத்துக்குத் திருப்பி, வகுப்பைப் பார்த்துப் பிடித்தாள். அவளுடைய மற்றக் கை மேசைக்குப் போய்ச் சுருதிப்பெட்டியின் திருகைக் குறைத்தது. நான் ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்காத வேலை அது. பிள்ளைகள் தாராவோடு சேர்ந்து பாட்டில் விழுந்தார்கள். சரியான இடத்தில், சரியான ஸ்வரத்தில். வெள்ளைப் பக்கம் வந்ததும், நான் கேட்காமலே முன்வாங்குப் பொடியன் எழும்பி, "இது ஸ்னோ. எங்களுக்கு உதின்ரை சத்தம் தெரியாது," என்றான். அடுத்து வந்த அமைதியில் ஒருவரும் ஐந்து எண்ணவில்லை. பயந்துபோய் இருந்தார்கள், எனக்காக. அந்தப் பயத்தோடு அவர்கள் பிடித்த ஷட்ஜம் போல ஒன்றை நான் பிறகு கேட்டதில்லை.

நான் கரும்பலகையில் முதுகு முட்ட நின்றேன். அழுகை வந்தது. அதில் பாதி ஆத்திரம்.

குழுவின் தலைவி எழும்பிக் கைதட்டினார். "முதலிலை எனக்கு விளங்கேல்லை," என்றார். "ரீச்சர் வேணுமெண்டு பிழைவிட்டு, பிள்ளையளைத் திருத்த விட்டிட்டு ஒதுங்கி நிண்டா. உப்பிடிச் செய்ய எவ்வளவு துணிவு வேணும்!"

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. மாதிரிப் பள்ளி, மூன்று வருடம். அதிபர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பள்ளிக்கூடம் தப்பிட்டுது ரீச்சர்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. படிவம் லாச்சிக்குள்ளேயே கிடந்தது. உடுவில் பக்கத்துப் பள்ளிக்கு வேறு யாரோ போய்விட்டார்கள்.

ஆனால் எனக்கு மறக்க முடியாதது கடிதம் இல்லை. குழு வந்துபோன அன்று பள்ளி விட்டபிறகு சின்னவள் என்னுடைய மேசையடியில் நின்றாள்.

"ரீச்சர், நீங்கள் ஏன் பிழையாப் பாடினீங்கள்?"

"தொண்டை கட்டிப்போச்சு," என்றேன்.

அவள் நம்பினாள். அடுத்தநாள் காலை ஒரு போத்தலோடு வந்தாள். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் போட்டு அவித்த கசாயம், இன்னும் சூடு ஆறவில்லை. "அம்மா விடிய எழும்பி வைச்சுத் தந்தவ. முழுக்கக் குடியுங்கோ," என்றாள். வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று என் மகளுக்கு உண்மையாகவே இருமல். விடியப் பாயில் எழும்பி இருந்து இருமிக்கொண்டிருந்தவளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று வெளிக்கிட்டு வந்திருந்தேன். அவளுக்கு ஒரு சுடுதண்ணீர்கூட வைத்துக் கொடுக்கவில்லை.

"இப்ப சுகமோ, ரீச்சர்?" என்று கேட்டாள் சின்னவள்.

ஓமென்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்தேன்.